அப்பா சத்தம் போடாத நாற்பது நாள்

வேதசாட்சியின் சங்கிலியில் எருமை வாசனை அடிக்கும். தேஹு ரோடு குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையிலிருந்து, எங்கள் பேச்சில் "தபேலா"விலிருந்து, இரவல் வாங்கிய சங்கிலி அது; அம்மா எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாசனை போகாது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க அது எங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கியது, ஏனென்றால் நாடகத்தில் வேதசாட்சி என் அப்பா.

அந்த மராத்தி ஊரில், ராணுவ டெப்போவில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஈஸ்டர் அன்று மாலை கோயில் மைதானத்தில் போடும் நாடகம் அது. அரண்மனைக் காவல்காரர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்கிறார். அதை விடமாட்டேன் என்றதற்காக ராஜா அவரைச் சங்கிலி பூட்டி ஊர் ஊராக நடத்தி, கடைசியில் ஒரு குளத்தங்கரையில் வெட்டச் சொல்கிறார். அடித்த சேவகர்களைக்கூட அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லையாம். அதனால் நாடகம் பழக்கிய அண்ணாவி ஒரு சட்டம் வைத்திருந்தார்: அந்த வேஷம் கட்டுகிறவர் சாம்பல் புதன் தொடங்கி நாடகம் முடியும்வரை யாரிடமும் சத்தம் போடக்கூடாது, போட்டால் வேஷம் அடுத்தவருக்கு.

அப்பாவின் தொண்டையோ குவார்ட்டர்ஸ் முழுக்கப் பிரசித்தம். அந்தத் தொண்டைக்காகவே பல வருஷம் அவரை ராஜா வேஷத்தில் தள்ளிவிட்டார்கள். ஒரு தரமாவது வேதசாட்சியாக நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை; அந்த வருஷம் அண்ணாவியிடம் கெஞ்சி வாங்கிவிட்டார். "இவிய ஒரு வாரம் தாங்க மாட்டாவ" என்றாள் அம்மா.

எனக்குப் பத்து வயது. இப்படி ஒரு காலம் மறுபடி வராது என்று உடனே விளங்கிவிட்டது. மராத்திப் பாடத்தில் முட்டை வாங்கிக் காட்டினேன், தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன், விளக்கு வைத்த பிறகும் தெருவில் ஆடினேன். அப்பா ஜன்னலில் தொங்கும் சங்கிலியைப் பார்ப்பார், மீசையைக் கடிப்பார், "சரிம்மா" என்பார். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெரிய வியாழனன்று, பீரோமேல் இருந்த அவருடைய ரேடியோவை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ரேடியோ. அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அது கைநழுவி விழுந்து சிதறியது. சத்தம் கேட்டு அப்பா வந்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள், அந்த வேஷத்துக்காகக் காத்திருந்த ஸ்டோர்ஸ் மாமா எல்லாருக்கும் முன்னால். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கீழே உட்கார்ந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "கால்ல குத்திரும், தள்ளி நில்லும்மா" என்றார், அவ்வளவுதான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதுகில் ஒன்று போட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இந்த மனுஷர் இனி இப்படியே இருந்துவிடுவாரோ, என் அப்பா திரும்பி வரவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது.

ஈஸ்டர் மாலை மேடையில் சேவகர்கள் சாட்டையை ஓங்க ஓங்க அப்பா வாய் திறக்காமல் நின்றார். கூட்டமே அழுதது. நானும் அழுதேன், ஆனால் வேதசாட்சிக்காக அல்ல. திரை விழுந்ததும் பின்பக்கம் ஓடினேன். அண்ணாவி பூட்டைத் திறந்து சங்கிலியைக் கழற்றினார். அப்பா கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார், நாற்பது நாள் அடக்கியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கத்தினார்: "யாருட்டி என் ரேடியோவ ஒடச்சது?"

திரைக்கு அந்தப் பக்கம் மைதானமே சிரித்தது. நான் பாய்ந்துபோய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர்மேலும் எருமை வாசனை அடித்தது.

இன்று தபேலா இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. தமிழ் வசனம் படிக்கப் பிள்ளைகளுக்கு வராததால் நாடகமும் நின்றுபோனது. விஷ்ராந்த்வாடி ஃபிளாட்டில் என்னோடு இருக்கும் அப்பா, வயதாகிவிட்டதால், எதைக் கேட்டாலும் "சரிம்மா" என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போதும் எனக்கு அந்தப் பெரிய வியாழன்தான் ஞாபகம் வரும். நேற்று என் மகள் அவருடைய மூக்குக் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டாள். அப்பா குனிந்து பார்த்தார். இன்னொரு "சரிம்மா" வரப்போகிறது என்று நினைத்தேன்.

"யாருட்டி" என்று ஆரம்பித்தார். கீழ்மாடிவரை கேட்டிருக்கும். மிரண்டுபோன மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில், உள்ளே போய் அவருக்கு ஒரு காப்பி கலந்தேன்.