மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

மருமகளைச் சாகக் கொடுத்த ஒருத்தி மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. அதைவிட அதிகமாக என் மேலேயே உண்டு. இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

எழுபதுகளில் நாமக்கல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். செத்துப்போன அந்தப் பெண் அந்த ஊர்க்காரி; அவளுக்குப் பதினோரு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, இருதயத்தையும் தொட்டுவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி விடாமல் போட்டுவந்தால் காய்ச்சல் திரும்பாது, வால்வு தப்பிக்கும் என்று சேலத்து டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழு வருஷம் நான்தான் போட்டேன். உயிர் போகிற வலி. "உங்க கைய ஒடிக்கோணுங்க்கா" என்று திட்டிக்கொண்டே சிரிப்பாள். ஒரு தடவைகூடக் காய்ச்சல் திரும்பவில்லை.

பதினெட்டில் வரன் வந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நோவுன்னு தெரிஞ்சா எவனுங்க கட்டுவான்? கண்ணாலம் முடியட்டும், பக்குவமா நானே சொல்லிப்போடறேன்."

மாப்பிள்ளையின் தாய், தலைவலி மாத்திரை கேட்கிற சாக்கில் என்னிடமே விசாரிக்க வந்தாள். "அந்தப் புள்ளைக்கு நோவு நொடி ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒண்ணுமில்லைங்க. தங்கமான புள்ளை." சொன்னது இந்த வாய்தான்.

கல்யாணம் முடிந்தது. அம்மாக்காரி நோவைப் பற்றி மூச்சு விடவில்லை. பெண் ஏதோ சாக்குச் சொல்லி இரண்டு தடவை பிறந்த வீட்டுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு மாமியார் அனுப்பவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, மருந்தோடு நானே பஸ் ஏறினேன்.

வாசலிலேயே மாமியார் மறித்தாள். "ஏனுங்க, நோவே இல்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இப்ப ஊசியோட வந்து நிக்கறீங்க? புள்ள உண்டாகாம இருக்க அவிங்கம்மா ஏவி உட்டாளா?"

நின்ற இடத்திலேயே எல்லா உண்மையையும் கொட்டினேன். யார் கேட்பார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஊராக ஆள் பிடித்ததும் எங்களைப் போன்ற நர்ஸுகள்தானே! கதவோரம் நின்ற பெண் என்னையே பார்த்தாள். மருந்தைத் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

அடுத்த வருஷம் அவள் ஆறு மாசம். காய்ச்சல் திரும்பியது, மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு உயிரும் போயின.

வருஷம் திரும்பவில்லை, அதே மாமியார் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் ஊரிலேயே மகனுக்கு இன்னொரு பெண் பார்க்கிறார்களாம். "இந்த வாட்டியாச்சும் நெசத்தச் சொல்லுங்க நர்சம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "போன வாட்டி நெசத்தச் சொல்லியிருந்தா, மூணு வாரத்துக்கு ஒருக்கா அவளை ஊசிக்கு அனுப்பியிருப்பீங்களா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதெப்படிங்க? அந்தப் புள்ளையவே எடுத்திருக்க மாட்டமே."

எடுக்காமல் விட்டிருந்தால், கல்யாணமே ஆகாமல், என் கையை ஒடிக்க வேண்டுமென்று திட்டிக்கொண்டு அவள் உயிரோடு இருந்திருப்பாள்.