பன்னிரண்டு பேருக்கான தனிமை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினெட்டு வருஷமாகப் போன் எடுத்து, ஊரார் திட்டையெல்லாம் கேட்டுக் காது புளித்துப்போனவள் அவள். ஒருநாள், முதுகில் பையை மாட்டிக்கொண்டு, ஆளே இல்லாத மலையில் இரண்டு நாள் தனியாக நடந்துவிட்டு வருவது என்று முடிவெடுத்தாள். வழியெல்லாம் விசாரித்து, ஒருவர் மட்டும் படுக்கிற கூடாரமும் வாங்கிவிட்டாள்.

கேட்டதும் கணவர் பதறிப்போனார்.

“தனியாவா? துணைக்கு நான் வரேன்.”

“துணை வேண்டாம்னுதாங்க போறேன்.”

“நான் வந்தா வாயே திறக்க மாட்டேன். போதுமா?”

வாயே திறக்காமல் வரப்போகிற செய்தியை அன்றே அவர் தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். நாத்தனாருக்கும் அமைதி தேவைப்பட்டது. நான்கு பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னார். மலைக்காற்று மூட்டுவலிக்கு நல்லது என்று மாமனார் கிளம்பினார். லீவு கடிதத்தைப் படித்த மேலதிகாரி, மனைவி மக்களோடு தானும் வருவதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேன் பேசினார்கள். வேனில் பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்டவர் கணவர்தான்.

கிளம்புகிற காலையில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “தலை சுத்துது. எனக்காக யாரும் நின்னுடாதீங்க.”

யாரும் நிற்கவில்லை.

வேன் தெருமுனை திரும்பியதும் கதவைத் தாழிட்டாள். இரண்டு நாள் தூங்கினாள், சாப்பிட்டாள், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கணவர் மட்டும் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: “நல்லவேளை, நீ வரல. அங்க ஒரே கூட்டம்.”