அத்தானுக்கு அப்புறம் சாப்பாடு

தைப்பூசக் கூட்டம் கலைந்த மறுநாள், பழனியில் என் அக்கா அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். தகவல் வந்ததும் கொடைக்கானலிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

அத்தானுக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. கூட்டம் ஓய்ந்தால்தான் வீட்டுக்கு வருவார். மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான். ராத்திரிச் சாப்பாடு... கோயில் நடை சாத்திய பிறகு. பல வருஷமாக அவருக்கு நெஞ்செரிச்சல். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் விசாரிப்போம். அக்காவுக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

டாக்டர் அக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எப்பம்மா சாப்பிடுவீங்க?"

அத்தான் பதில் சொன்னார். "நான் சாப்பிட்ட பெறகு சாப்பிடுவா."

"நீங்க எப்பச் சாப்பிடுவீங்க?"

"கடைச் சோலி முடிஞ்சு."

"அது எப்ப முடியும்?"

"கூட்டத்தைப் பொறுத்ததுங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப, பழனிக்கு எத்தனை பஸ் வருதோ அதைப் பொறுத்துத்தான் இந்தம்மா வயித்துக்குச் சோறு. அப்படித்தானே?"

அத்தான் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

வயிற்றுப் புண். வயிற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு என்றார் டாக்டர். சாப்பாட்டு நேரத்தை எதிர்பார்த்து அமிலம் சுரக்குமாம். சோறு வராவிட்டால் அது சும்மா இருக்குமா? மாத்திரை கொடுத்து, வேளை தவறாமல் சாப்பிடச் சொன்னார். பழனியில் அது நடக்காது என்று நான் அக்காவைக் கொடைக்கானலுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் குளிருக்குப் பயந்து பொழுது சாய்ந்ததுமே சாப்பிட்டுவிடுவோம். முதல் நாள் அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்கலையாக்கா?" என்றேன்.

"பசிக்குது. அவுக இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாகளே."

"அத்தான் பழனியிலல்லவா இருக்காரு."

"தெரியுது தம்பி. கைதான் போக மாட்டேங்குது."

பாதியில் எழுந்துவிட்டாள்.

கை போகச் சில நாள் ஆயிற்று. பிறகு சாயங்காலமானால் அவளே வந்து, "சாப்பிடலாமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். வலி குறைந்தது. நன்றாகத் தூங்கினாள். "பசி இப்படி நேரத்துக்கு வரும்னே மறந்து போச்சு தம்பி" என்றாள்.

ஒருநாள் அத்தான் அழைத்துப் போக வந்தார். வத்தலக்குண்டு சுற்றி வரும் பஸ் தாமதமாகி, வந்து சேர இருட்டிவிட்டது. அக்கா பரிமாறினாள். சாப்பிட்டுக் கை கழுவியவர் வழக்கம் போலச் சொன்னார்:

"சரி, நீ உக்காரு."

"நான் சாப்பிட்டாச்சுங்க."

அத்தான் துண்டில் கை துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன சாப்பிட்ட?"

இந்தக் கேள்வியை அவர் அக்காவிடம் கேட்டு நான் கேட்டதில்லை. அக்காவுக்கும் புதிதுதான் போல. கொஞ்சம் தடுமாறி, "ரசஞ்சோறு... பீன்ஸ் பொரியல்" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார்.

பழனி திரும்பிய பிறகும் அக்கா நேரத்தை விடவில்லை. அத்தானுக்கு மூடி வைத்துவிட்டுத் தான் சாப்பிட்டுவிடுவாள். கொஞ்ச நாள் அத்தான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார். பிடிக்கவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் உச்சிப்பொழுதில் கடையைச் சாத்திவிட்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நெஞ்செரிச்சலைப் பற்றி இப்போதெல்லாம் அவர் பேசுவதில்லை.

போன வாரம் நான் கடையில் இருந்தேன். உச்சிப்பொழுதில் கடையைச் சாத்த அத்தான் பலகையை எடுத்து வைக்கும்போது, ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பக்தர் தேங்காய் கேட்டார்.

"பக்கத்துக் கடையில வாங்கிக்கங்க. நான் வெரசா வீட்டுக்குப் போகணும்."

"வீட்டம்மா காத்திருக்காங்களாக்கும்?"

"காத்திருந்தா மெதுவாப் போவேனே" என்றார் அத்தான்.