முதலாமாண்டு, வயது நாற்பத்தொன்று

நிலத்தடி நீரை அளக்க நிலக்கரிச் சுரங்க நிர்வாகம் பூமியில் இறக்கியிருக்கும் குழாயின் மூடியைத் திருகிக் கழற்றியதும் எழில்மதி உள்ளே எட்டிப் பார்ப்பாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு சாண் அகலத்துக்கு இருட்டு. பிறகு அளவு நாடாவை இறக்குவாள். அதன் நுனியில் தொங்கும் உலோகக் குண்டு தண்ணீரைத் தொட்டதும் மேலே சுருளில் இருக்கும் மணி கீச்சென்று கத்தும். அந்த இடத்தை நகத்தால் பிடித்து, மீட்டரைப் படித்து, நோட்டில் எழுதிக்கொள்வாள். "நேத்து இங்கதான இருந்த? அதுக்குள்ள எங்க எறங்கிப் போன?" என்று தண்ணீரை அதட்டுவதும் உண்டு.

வடக்குத்துக்குப் பின்னால் முந்திரித் தோப்பில் இரண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒன்று என்று ஒரு நாளைக்குப் பதினாறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் நாடாவை இறக்குவதற்கு முன், தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கும் என்ற தன் கணக்கை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைப்பாள். கணக்குக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்று மதியச் சோறு அவளுக்கு இறங்காது. மாலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது கை முழுக்க எண்கள் வியர்வையில் கரைந்து நீலமாகக் கிடக்கும்.

ஜீப் ஓட்டும் ஜெயராமனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். "ஏம்மா விஞ்ஞானி, வெளிநாட்டுல பரிசு வாங்கப் போறன்னைக்கு முன்னாடியே சொல்லிரு. ஜீப்புக்கு டீசல் போடணும்லா" என்பார்.

"கடலத் தாண்டணும் அண்ணாச்சி. உங்க ஜீப்பு குறிஞ்சிப்பாடியே தாண்டாது" என்பாள் அவள்.

அவர் கேலி செய்தாலும் அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போக நினைத்தது மெய்தான். விருத்தாசலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் ஆனது. புத்தகத்தில் பாதி வரை அடிக்கோடு இருக்கிறது. மீதிப் பாதியை முடிக்க வேண்டும் என்று இருபத்தொரு வருடம் கழித்துக் கிளம்பினாள். அஞ்சல் வழியில் இங்கேயே படிக்கலாமே என்று சொன்னவர்களிடம், "புத்தகத்த வூட்டுக்கே அனுப்புவாங்க, லேபையும் அனுப்புவாங்களா?" என்று கேட்டாள்.

பண்ருட்டிக்காரர்களுக்குப் பலாவின் விலை தெரிவதுபோல எந்த நாட்டில் படிப்புக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரியும். "நார்வே முன்ன ஃப்ரீங்க, இப்ப நமக்கு ஃபீஸ் போட்டுட்டான். செக் நாட்டுல அவங்க பாஷைல படிச்சா ஃப்ரீ, இங்கிலீஷ்ல படிச்சா காசு. ஜெர்மனில ஃபீஸ் கிடையாது, ஆனா ஒரு வருஷச் சாப்பாட்டுப் பணத்த மொதல்லியே பேங்க்ல பூட்டி வெச்சுக் காட்டணும். அவ்ளோ இருந்தா நான் ஏன் குழாயக் குழாயா எட்டிப் பாக்கறேன்?" கடைசியில் அவளுக்குப் பிடித்துப்போனது இத்தாலி. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் அங்கே கட்டணம். ஏழை என்று காகிதத்தில் நிரூபித்தால் தங்க இடமும் சாப்பாடும்கூடக் கிடைக்கலாம். "நம்ம ரேஷன் கார்டு மாதிரிதாங்க" என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

இரண்டு வருடம் விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இந்த வருடம் நேர்காணலுக்கு அழைத்தார்கள். மதிய இடைவேளையில் பம்ப் ஷெட்டின் நிழலில் குந்தி உட்கார்ந்து செல்போனில் பேசினாள். நாற்பத்தொரு வயதில் எதற்கு இயற்பியல் என்று பேராசிரியர் கேட்டார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலம் அத்தனையும் மறந்துவிட்டது. நிலக்கரிக்குக் கீழே ஒரு தண்ணீர் இருக்கிறது, அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது, பம்புகளை நிறுத்தினால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு வந்துவிடும், நான் ஒன்பது வருடமாக அந்தத் தண்ணீரை அளக்கிறேன், ஆனால் அது ஏன் அப்படி முட்டுகிறது என்பதை எனக்கு யாரும் முழுதாகச் சொல்லித் தரவில்லை என்றாள். அரைகுறை ஆங்கிலம்தான். பேராசிரியர் அதன் பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகையும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

அவள் பார்க்கும் வேலைக்குக் 'கருணை வேலை' என்று பெயர். பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்தில் ஒருவருக்குத் தருவது. அவள் கணவன் குஞ்சிதபாதம் ஒன்பது வருடம் முன்பு, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், லாரியில் அடிபட்டுச் செத்தான். அவனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் சும்மா இல்லை, அவன் அம்மா செங்கமலத்தின் ஊரும் வீடும் ஒன்றரை ஏக்கர் நிலமும் சுரங்கத்துக்குப் போனதால் வந்தது. நிலம் போய் மகனுக்கு வேலை, மகன் போய் மருமகளுக்கு வேலை. வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸ். அதில் பிள்ளையில்லாத மருமகளும் மகள் வீட்டைத் தவிர வேறு போக்கிடமில்லாத மாமியாரும்.

செங்கமலம் இந்தப் படிப்பு விவகாரத்தை இதுவரை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்தோரு வயசுல பள்ளிக்கூடம் போறவளுக்கு ரெட்ட சட பின்னி வுடணுமா?" என்று பக்கத்து வீட்டுப் புவனாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை எழில்மதி ஆபீசில் பணியாளர் பிரிவைக் கவனிக்கும் விஜயகுமாரி மேடத்தைப் போய்ப் பார்த்தாள். மூன்று வருட விடுப்பு கிடைக்குமா என்று கேட்டாள். மேடம் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"உங்க கிரேடுக்கு அவ்ளோ லீவு கிடையாதும்மா. ராஜினாமாதான். குவார்ட்டர்ஸ ரெண்டு மாசத்துல காலி பண்ணணும்." ஃபைலைப் புரட்டி ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதான?"

இறந்தவரின் தாயாரை அவர் ஆயுள்வரை வைத்துக் காப்பாற்றுவேன் என்று அதில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தாள். எதையும் படித்துப் பார்க்கும் நிலையில் அன்று அவள் இல்லை.

அன்று குழாய்களில் அவள் கணக்கு எதுவும் எழுதவில்லை. ஜெயராமனும் கேலி பேசவில்லை. "நல்லா யோசிச்சுக்கோம்மா. இந்த வேலைக்கு வெளிய எத்தன பேரு காத்துக் கெடக்கான் தெரியுமா?" என்றதோடு சரி.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது சமையலறைத் தரையில் ஒரு பழைய புடவை விரித்திருந்தது. அதன் நடுவே பாத்திரங்கள். ஒரு மூட்டை கட்டி முடிந்து சுவரோரம் இருந்தது. ஆபீசில் துப்புரவு வேலை பார்க்கும் புவனா மதியமே வந்து எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"என்னா அத்த இது?"

"மூட்ட கட்டிகினு இருக்கேன்."

"ரெண்டு மாசம் டைம் இருக்கு அத்த."

"நம்ம ஊர சுரங்கத்துக்கு எடுத்தப்பவும் டைம் இருந்துச்சி. நாந்தான் கடசி நாளு வரைக்கும் வூட்டப் பாத்துகினே ஒக்காந்துட்டேன். அவசரத்துல அம்மி அங்கியே போச்சி. இந்த வாட்டி முன்னாடியே கட்டிடறேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கரண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போவ?"

"மவ வூட்டுக்கு. திருப்பூர்ல ஒரே ரூமு. மருமவன் மூஞ்சப் பாத்துகினு ஒரு மூலைல கெடக்கறேன். நீ போ. ஒன்ன நான் போவாதன்னு ஒரு வார்த்த சொன்னனா?"

சொல்லவில்லைதான். இத்தாலியில் மாலை ஆறு மணி வரை அவகாசம். இங்கே இரவு ஒன்பதரை. எழில்மதி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். செங்கமலம் புடவையின் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். கைக்கு வலு இல்லை. முடிச்சு இறுகுவதற்குள் நழுவிக்கொண்டே இருந்தது. பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்தாள்.

எழில்மதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மாமியாரின் வாயிலிருந்து அந்த முனையை மெல்ல எடுத்தாள். முடிச்சை அவிழ்த்து, அடியில் கிடந்த சோற்றுக் குண்டானை உருவிக் கழுவி, அடுப்பில் ஏற்றி, இரண்டு பேருக்கு அரிசி அளந்து போட்டாள். ஒன்பதரை தாண்டியபோதும் செல்போன் அவள் பைக்குள்ளேயே கிடந்தது.