அடையில் இருந்த கோழி

மீமிசலில் கூட்டாளி செல்லையா புதிதாகக் கோழி வளர்க்கிறான். கூடையில் மணல் பரப்பி, இடிக்குக் காவலாக இரும்புத் துண்டு போட்டுக் கோழியை அடைவைத்திருந்தான். அந்தச் சூடான இறகு வாடை என்னைச் சிறுவயது இலுப்பூர் வீட்டுக்குத் தள்ளியது.

எங்கள் முதல் கோழி. ஒரு முட்டையைக்கூடத் தின்னவிடாமல் சேர்த்துப் பதினொன்றை அடைவைத்தாள் அம்மா. இருபது நாளாயிற்று; மறுநாள் குஞ்சு பொரிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அவள் தம்பி வந்து இறங்கினார். விருந்துக்காகப் பக்கத்து வீட்டுச் சேவலை விலைபேசித் துரத்திய அப்பாவுக்கு மூச்சிரைத்தது; சேவல் சிக்கவில்லை.

"அங்கிட்டு ஒண்ணு சும்மாதானே உக்காந்திருக்கு?" என்றார் மாமா.

"அடையில இருக்குறத அடிப்பாங்களாடா?" என்றாள் அம்மா.

"முட்டைய ஆம்லெட் போட்ரு அக்கா!"

அடைக்கோழி ஓடாது. அப்பா கைபோட்டதும் இறகை இன்னும் விரித்து முட்டைகளை மூடியது. கறி ரப்பர்போல இருக்கிறதென்று மாமா குறை வேறு சொன்னார். இருபது நாள் சரியாகத் தின்னாத கோழி வேறெப்படி இருக்கும்?

முட்டைகளைச் சாக்கில் சுற்றி அணைத்துக்கொண்டேன். உள்ளே கேட்ட கீச்சொலி மாலைக்குள் அடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பட்டினி கிடந்ததெல்லாம் மறந்துபோயிற்று. இது ஆறவில்லை.

"இருங்கண்ணே, கோழி அடிச்சிருவோம்," என்றான் செல்லையா.

"ஓடுறதா பாத்துப் பிடி," என்றேன். "முடியாட்டி கருவாடு போதும்."