ராணிக்குளிப்பில் ஒரு பகல்

எங்கள் குடும்பத்தாருக்கு இரக்க குணம் அதிகம் என்று காரைக்காலில் ஒரு பெயர் உண்டு. பெயர் பொய்யில்லை. அந்த இரக்கம் ஒரு முறை என் சாச்சியின் மேல் இறங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். பார்த்தேனே தவிர ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு, யாராவது யாருக்காவது நல்லது நினைக்கிறார்கள் என்று கேட்டாலே நான் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் போகாத காலம். வீட்டுக்கு ஒரு ஆளாவது சைகோனில் இருந்தார்கள். எங்கள் ஆட்களில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். வந்த சூட்டோடு கப்பலும் ஏறிவிடுவார். அதனால் எங்கள் வீடு பெண்களின் வீடாகவே இருந்தது. அக்கா தங்கைகள் மூன்று பேர்; மூத்தவள் பெரியம்மா, அடுத்தவள் என் உம்மா, கடைசி சாச்சி. வாப்பா மட்டும் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு ஊரோடு இருந்தார். சாச்சியின் மாப்பிள்ளையை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். கல்யாணம் முடிந்து ஒரு நோன்பும் ஒரு பெருநாளும் எங்களோடு இருந்தார், பிறகு சைகோனுக்குப் போய்விட்டார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

சாச்சா அங்கே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். அந்தச் செய்தி தந்தியில் வரவில்லை. சைகோனிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னார். சாச்சா மவுத்தாகி, இவர் கப்பலேறி ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாப்பா வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடமும் உம்மாவிடமும் சொன்னார். சாச்சியிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதில்தான் எங்கள் வீட்டு இரக்கம் இருக்கிறது. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலைதான் உடுத்தலாம். பூ, வளையல், அத்தர் எதுவும் கூடாது. அந்நிய ஆண் முகம் பார்க்காமல் ஓர் அறையோடு கிடக்க வேண்டும். பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பள்ளிவாசல் லெப்பையிடம் சட்டம் கேட்டாள். இத்தாவின் நாட்கள் செய்தி தெரிந்த நாளிலிருந்து ஓடுமா, மவுத்தான நாளிலிருந்து ஓடுமா என்று. மவுத்தான நாளிலிருந்துதான் என்றார் லெப்பை. தெரியாமல் பூ வைத்துக்கொண்டாலும் வெளியே போய் வந்தாலும் அவள் மேல் குற்றமில்லை, அந்த நாட்களும் கணக்கில் சேர்ந்துவிடும் என்றார்.

பெரியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சாச்சிக்குத் தெரியாமல் போகிற ஒவ்வொரு நாளும் அவள் இருட்டறையில் கிடக்க வேண்டிய நாட்களில் ஒன்று கழிகிறது. அப்படியானால் எத்தனை நாள் தள்ள முடியுமோ அத்தனை நாள் தள்ளுவதுதான் அவளுக்குச் செய்கிற உபகாரம். இருபது வயதுகூட முடியாத பிள்ளை, பாவம். வாப்பா முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார். உம்மா அழுதாள், பிறகு அவளும் சரி என்றாள். மூன்று பேரும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் தள்ளினார்கள்.

அந்த ஒரு மாதமும் சாச்சி ராணி மாதிரி இருந்தாள். அடுப்படிப் பக்கம் அவளை யாரும் விடவில்லை. தினமும் சாயங்காலம் மல்லிகைப்பூ வந்தது. மீன் பொரித்தால் நடுத்துண்டு அவள் தட்டில்தான் விழும். எனக்கு ஒரே பொறாமை. சைகோனிலிருந்து காயிதம் வரவில்லையே என்று அவள் கேட்கும்போதெல்லாம், அங்கே சண்டை நடக்கிறது, கப்பல் ஒழுங்காக வருவதில்லை என்று வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். சொல்லிவிட்டு உடனே கடைக்குப் போய்விடுவார்.

ஆனால் ஊர் வாயை எத்தனை நாள் கட்டிவைக்க முடியும்? தெருப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சாச்சியின் முகத்தைப் பார்த்து மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். இனி தாங்காது என்று பெரியவர்கள் ஒரு நாள் குறித்தார்கள். அன்று பொழுது சாய்ந்து மஃரிபு தொழுத பிறகு சொல்லிவிடுவது. அதற்கு முன்னால் அன்று பகலில் அவளை எங்காவது கூட்டிக்கொண்டு போய்ச் சந்தோஷமாக வைத்திருப்பது. இந்த இரண்டாவது யோசனை என் உம்மாவுடையது.

போலகத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற மண்பாதையில் ஒரு பாழடைந்த மண்டபம் இருந்தது. ஊரில் அதற்கு ராணிக்குளிப்பு என்று பெயர். தஞ்சாவூர் ராஜா வீட்டுப் பெண்கள் கடலில் முழுகிவிட்டு வந்து நல்ல தண்ணீரில் குளிப்பதற்காகக் கட்டியது என்பார்கள். எந்த ராஜா, எந்த ராணி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சாச்சா சின்ன வயதில் அங்கே போய் ஆட்டம் போட்டவர். திரும்பி வந்ததும் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சாச்சியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால்தான் உம்மா அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவன் கொடுத்த வாக்கை நாமாவது நிறைவேற்றி வைப்போமே என்று நினைத்திருப்பாள் போல.

சாச்சி முதலில் வர மறுத்தாள்.

"இல்ல ராத்தா, அவங்க வரட்டும். அவங்களோடதான் போகணும்னு இருக்கேன்" என்று உம்மாவிடம் சொன்னாள்.

பெரியம்மாதான் சமாளித்தாள். "அவங்க வந்தா இன்னொரு தடவ போயிக்க. எடம் எங்க ஓடியா போவுது? புள்ள வேற ஆசப்படுது பாரு."

நான் ஆசைப்படவே இல்லை. எனக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே அப்போதுதான் தெரியும். ஆனாலும் ஆசைப்பட்ட மாதிரி குதித்தேன். சாச்சி சிரித்துவிட்டுப் போய்ப் பச்சைப்பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

முன்னும் பின்னும் திரை கட்டிய கூண்டு வண்டியில், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் மூன்று பேரும், மடியில் சோற்றுச்சட்டியோடு நானும் போனோம். வண்டிக்காரருக்குக்கூட விஷயம் தெரியும். அந்த வண்டியில் தெரியாதவர்கள் சாச்சி, நான், இரண்டு மாடுகள், அவ்வளவுதான். சாச்சி திரையை விரலால் விலக்கி வழியெல்லாம் வேடிக்கை பார்த்தாள். வயல் வந்தால் வயல் என்றாள், கொக்கு வந்தால் கொக்கு என்றாள். மற்ற நாளாக இருந்தால் பெரியம்மா திரையை மூடச் சொல்லி அதட்டியிருப்பாள். அன்று தானே இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.

ராணிக்குளிப்பைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. நான் தங்கக்குடமும் பளிங்குப்படியும் எதிர்பார்த்திருந்தேன். அங்கே இருந்ததெல்லாம் காரை உதிர்ந்த செங்கல் சுவர், ஆட்டுப்புழுக்கை, வௌவால் நாற்றம். உள்ளே ஒரு சதுரத் தொட்டி, நாலு பக்கமும் படி. மேலே வில்வளைவாகக் கட்டிய கூரையில் சின்னச் சின்னத் துவாரங்கள். வெளிச்சம் அவற்றின் வழியாக இறங்கித் தொட்டித் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. தண்ணீர் வற்றி எத்தனை தலைமுறை ஆயிற்றோ. சுவரின் மறுபக்கம் தூர்ந்துபோன ஒரு கிணறு. கிணற்றில் இறைத்த தண்ணீர் சுவருக்குள் பதித்த மண்குழாய் வழியாக ஓடி வந்து ராணிகள் தலையில் கொட்டுமாம். ஆண்கள் கிணற்றடியில் நின்று இறைப்பார்கள், பெண்கள் உள்ளே குளிப்பார்கள், இருவருக்கும் முகம் தெரியாது. இதையெல்லாம் சாச்சிதான் எங்களுக்கு விளக்கினாள். சாச்சா சொன்னதை ஒன்றுவிடாமல் மனதில் வைத்திருந்தாள்.

வண்டிக்காரரும் மாடுகளோடு தூரமாகப் போய்விட, ஆண் வாடை இல்லாத அந்த இடத்தில் சாச்சி துப்பட்டியைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டு என்னோடு தொட்டிக்குள் ஓடிப்பிடித்து விளையாடினாள். அவள் சிரித்தால் கூரை அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தது. அது வேடிக்கையாக இருக்கிறதென்று இன்னும் சத்தமாகச் சிரித்தாள். உம்மாவும் பெரியம்மாவும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. நெய்ச்சோறு சாப்பிட்டோம். சாச்சி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்ட பிறகு அவளுக்கு அந்தக் குழாய் விளையாட்டு தோன்றியது. என்னைக் கிணற்றுப் பக்கம் போய் அந்த முனையில் காதை வைக்கச் சொன்னாள். தான் தொட்டிக்குள் நின்று இந்த முனையில் பேசினாள். குழாயில் எங்கேயும் அடைப்பில்லை போலும், குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. உம்மா என்னைத் தனியே விடப் பயந்து என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"ஹலோ, சைகோனா? எங்க மச்சானக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றது குழாய்.

எனக்கு விளையாட்டு உடனே பிடித்துப்போயிற்று. தொண்டையைக் கனைத்து ஆம்பிளைக் குரலில், "நான்தான் பேசுறேன்" என்றேன்.

"ஏன் காயிதமே போடல?"

"வேல ஜாஸ்தி."

"வேலயா, இல்ல அங்கயே யாரையும் புடிச்சுப் போச்சா?"

உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானே பதில் தேடிக்கொண்டேன். "அதெல்லாம் இல்ல. பெருநாளைக்கு வந்துடுவேன்."

பிறகு சாச்சியின் குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை. "சத்தியமா வந்துடுவீங்களா?"

"சத்தியமா" என்றேன்.

உம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தாள். அவள் அதுவரை என்னை அடித்ததே இல்லை. நான் போட்ட கூச்சலில் சாச்சி துப்பட்டியைக்கூட எடுக்காமல் சுவரைச் சுற்றி ஓடி வந்தாள். என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, "எதுக்கு ராத்தா புள்ளய அடிக்கிறீங்க? நான் சொல்லித்தான பேசுனா" என்று உம்மாவிடம் சண்டைக்குப் போனாள். பின்னாலேயே வந்த பெரியம்மா, "வெளையாட்டுக்குன்னாலும் பொய்ச்சத்தியம் பண்ணலாமா? அதுக்குத்தான் அடிச்சிருப்பா" என்றாள். பொய் என்றால் அல்லாஹ்வுக்குப் பிடிக்காது என்று எனக்குப் புத்தியும் சொன்னாள்.

நாங்கள் திரும்பியபோது வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தார்கள், ஜன்னலில் புதுத்திரை தொங்கியது. மஃரிபு தொழுதுவிட்டுப் பெரியம்மா சாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். தெருப் பெண்கள் அழுவதற்குத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாச்சி அழவில்லை. எப்போது என்று கேட்டாள். சொன்னார்கள். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள்.

"ஒனக்கு நாளு கொறையட்டுமேன்னுதாம்மா" என்றாள் பெரியம்மா. "லெப்பைகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சோம். பாதிக்குப் பாதி கழிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான்."

சாச்சி தலையிலிருந்த பூவைத் தானே எடுத்தாள். வளையல்களைத் தானே கழற்றினாள். உதவிக்கு வந்த உம்மாவின் கையைத் தள்ளிவிட்டு அறைக்குள் போனாள். அதன் பிறகுதான் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. நான் பயந்துபோய் வாப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பெரியம்மாவின் கணக்குப்படி இத்தா முடிகிற நாள் வந்தது. வீட்டில் நெய்ச்சோறு ஆக்கினார்கள். வாப்பா கடையிலிருந்து நீலக்கரை போட்ட சேலை ஒன்றைப் பார்த்து எடுத்துவந்திருந்தார். பெரியம்மா கதவைத் திறந்து, எழுந்திரு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்றாள். சாச்சி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இன்னும் முடியல" என்றாள்.

கெஞ்சிப் பார்த்தார்கள், கோபித்துப் பார்த்தார்கள். கடைசியில் லெப்பையையே கூட்டிவந்தார்கள். அவர் திரைக்கு வெளியே நின்று, சட்டப்படி உன் இத்தா முடிந்துவிட்டது, இனி இருப்பது கடமையில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தெரியாதவ மேல குத்தம் இல்லன்னு சொன்னீங்களாமே லெப்பை. தெரிஞ்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு என்ன சட்டம்?"

லெப்பை துஆ ஓதிவிட்டுப் போய்விட்டார். நீலக்கரைச் சேலை மடிப்புக் கலையாமல் கடைக்கே திரும்பிப் போயிற்று. சாச்சி செய்தி தெரிந்த அந்த மஃரிபிலிருந்து தானே ஒவ்வொரு நாளாக எண்ணி, நாலு மாதமும் பத்து நாளும் முழுசாக உட்கார்ந்தாள். அத்தனை நாளும் உம்மா தினம் அந்தக் கதவடியில் போய் உட்கார்வாள். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வராது.

சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டு போக எனக்கு மட்டும்தான் அனுமதி. ஒரு நாள் நான் கேட்டேன். "எல்லாரும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்களே சாச்சி. நீங்க ஏன் வெளிய வரல? வெளையாட ஆளே இல்ல."

சாச்சி என் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "அவங்க மவுத்தானப்புறம் நான் பூ வச்சிக்கிட்டுச் சிரிச்சேன்ல. அந்த நாளுக்கெல்லாம் உக்காந்துட்டு வர்றேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூ வைத்துக்கொண்டதற்கு யாராவது இவ்வளவு நாள் அறைக்குள் உட்கார்வார்களா என்ன? நானே யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எங்கள் சாச்சிக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, வெளியே வரவே மனசில்லை என்று குர்ஆன் ஓதப்போகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.