பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்

ஆறு வருடமாக எனக்கு இடுப்பு வலி. எடுத்த படங்களில் எல்லாம் எலும்பு ஒழுங்காகவே இருந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது எங்கள் தொழில். ஒருநாள் தொட்டிக்குக் குனிந்தவள் நிமிர முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். "படத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, அப்புறம் என்னா வலி வலின்னுக்கினு?" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

வலி வந்தால் மூளையில் எந்தெந்த இடம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு ஆள் கேட்டு, மருந்துக்கடையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படத்தோடு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். என் வலியைப் படமாக வாங்கிவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வு செய்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "இடுப்பெல்லாம் இதுல வராதும்மா. உள்ளங்கையில சூடு வைப்போம். எவ்ளோ வலிக்குதுன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லணும்."

சப்பென்று ஆகிவிட்டது. வந்தது வந்தாயிற்று என்று, சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடகடவென்று இரைகிற ஸ்கேன் குழாய்க்குள் படுத்தேன். சூடு தெரிந்தது, வலிக்கவில்லை. கொதிக்கிற சாயத்தில் தினமும் நூலை முக்கி எடுக்கிற கை இது. ஒவ்வொரு முறையும் பூஜ்யம் என்றேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் திரையைக் காட்டினார். மூளையில் நாலைந்து இடம் சிவந்திருந்தது. "வலிச்சா இந்த இடங்கதான் இப்படி வரும். உங்களுக்கு வலிச்சிருக்கும்மா. தைரியமா நெசத்த சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "வலிக்குதுன்னேன், படத்துல இல்ல, பொய்ன்னாங்க. இப்போ வலிக்கலன்றேன், படத்துல இருக்குது, அதுவும் பொய்யா? கை என்னோடது மேடம்."

அவர் திரையை மறுபடி பார்த்தார். சத்தத்துக்குத் திடுக்கிட்டாலும், ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தாலும் இதே இடங்கள் சிவக்கும் என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

"அப்போ பூஜ்யம்னு எழுதுங்க."

எழுதினார்.

"இடுப்பு எட்டு. அதையும் எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க."

என்னையே பார்த்தார். திரைப்பக்கம் திரும்பாமல், தாளின் ஓரத்தில் 'இடுப்பு எட்டு' என்று எழுதினார்.

"படம் எங்க?" என்றார் வீட்டுக்காரர், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"படம் கிடையாது. வலி எட்டு. நான் சொல்றேன். நாளையிலேர்ந்து தொட்டிக்கு நீங்க குனிங்க."